கையெழுத்து இதழில் ஒரு பக்கம்



சென்ற மாதத்து ஞாயிறு ஒன்றில், காலைத் திருப்பலி முடிந்து நாம் வெளியே வந்தபோது, நமது பங்கைச் சேர்ந்த குடும்பத் தலைவர் ஒருவர் கோவில் வாயிலில் காத்திருந்தார். பேருந்து நடத்துநராகப் பணியாற்றி, இரண்டு பெண்மக்களைப் படிக்கவைக்கும் உழைப்பாளி அவர். மூத்த மகள், கன்னியர் நடத்தும் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பயில்கிறாள். அவர் நம்மிடம் கொண்டுவந்த விண்ணப்பம் இதுதான்:

"சுவாமி, என் மகள் பள்ளியில் கையெழுத்து இதழ்க் குழுவில் சேர்ந்திருக்கிறாள். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் தாமதமாக வருகிறாள். வீட்டிலும் படம் வரைவதும் கவிதை எழுதுவதுமாக இருக்கிறாள். அடுத்த ஆண்டு அரசுப் பொதுத்தேர்வு. அவளைக் குழுவிலிருந்து எடுத்துவிடும்படி மதரிடம் தாங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இதற்கெல்லாம் மதிப்பெண் உண்டா, சுவாமி?"

அவர் குரலில் கோபம் இல்லை, கவலையே இருந்தது. சுருக்கமாக ஒரு விடை கூறி அனுப்பினோம். முழு விடையை இம்மாதம் இப்பக்கத்தில் எழுதுகிறோம். ஏனெனில் இது அவர் ஒருவருடைய கேள்வியன்று. நம் குடும்பங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் எழும் கேள்வி. அன்றியும், இக்கேள்விக்கு விடை கூறும் தகுதியை நாம் எளிதில் பெற்றுவிடவில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில், அக்குழுவில் என்ன நடைபெறுகிறது என்பதைப் பெற்றோர் அறிவது நன்று. நாம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை சென்று பார்த்தோம். நூலக அறையின் நீண்ட மேசையைச் சுற்றிப் பதினைந்து, இருபது மாணவியர். பருவத்துக்கு ஒன்றாக ஆண்டுக்கு 3 இதழ்கள் வெளிவருகின்றன. ஆசிரியை, துணை ஆசிரியை, ஓவியர் என்று பொறுப்புகளைத் தமக்குள் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள். கையெழுத்து முத்துமுத்தாக அமைந்த இருவர் கட்டுரைகளைப் படியெடுக்கிறார்கள். ஒருத்தி கோடு போடுகிறாள்; ஒருத்தி வண்ணம் தீட்டுகிறாள்; இன்னொருத்தி தாள்களை அடுக்கி, ஊசியும் நூலும் கொண்டு தைக்கிறாள். தமிழாசிரியை ஓரமாக அமர்ந்து ஒற்றுப்பிழைகளை மட்டும் சுட்டிக்காட்டுகிறார். முன்பு ஒரே ஒரு படிதான் இருக்கும். வாசிப்பறையில் வரிசையாகக் காத்திருந்து படிப்பார்கள். இப்போது பத்துப் படிகள் நகலெடுக்கிறார்கள். அடுத்த அறையில் நாடக மன்றத்தார் அட்டையையும் மூங்கிலையும் கொண்டு ஓர் அரண்மனையை எழுப்பிக்கொண்டிருந்தார்கள்.

நாம் அங்கிருந்தபோது சிறு பூசல் ஒன்று எழுந்தது. ஆசிரியைப் பொறுப்பிலிருந்த மாணவி, தன் நெருங்கிய தோழியின் கவிதையைத் திருப்பிக் கொடுத்து, "முதல் நான்கு வரிகள் நன்று, மற்றவை வேறெங்கோ படித்தவைபோல் இருக்கின்றன, நீயே எழுதிக் கொண்டுவா" என்றாள். தோழியின் கண்கள் கலங்கின. ஆயினும் தாளை வாங்கிக்கொண்டு ஒரு மூலையில் போய் அமர்ந்து மீண்டும் எழுதத் தொடங்கினாள். நட்பைக் கெடுக்காமல் உண்மையைச் சொல்லவும், சொல்லப்பட்ட உண்மையைத் தாங்கிக்கொண்டு மீண்டும் முயலவும் கற்பது சிறிய பாடமோ? இதை எந்த வினாத்தாளில் கேட்பார்கள்? ஆயினும் நாளை குடும்பத்திலும் அலுவலகத்திலும் இவ்வினாவையே வாழ்க்கை திரும்பத் திரும்பக் கேட்கும்.

கலையும் எழுத்தும் நம் மறைக்குப் புதியவையல்ல. தமிழெழுத்தில் அச்சான முதல் நூலாகிய 'தம்பிரான் வணக்கம்' 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் வெளிவந்தது. அதை ஆக்கித் தந்தவர் இயேசு சபைக் குருவான என்றீக்கே என்றீக்கசு அடிகளார். அதற்குத் துணைநின்றவர்கள் முத்துக்குளித்துறையின் பரதவ மக்கள். கடலோடிப் பிழைத்த எளிய மக்கள் தம் மொழியில் ஒரு புத்தகம் வேண்டுமென விரும்பியதன் கனியை இன்று தமிழுலகம் முழுவதும் கொண்டாடுகிறது.

பெண்கள் எழுதுவதும் நமக்குப் புதிதன்று. பத்தாம் நூற்றாண்டில், செருமானிய நாட்டின் கண்டர்சைம் மடத்தில் வாழ்ந்த உரோசுவிதா என்னும் துறவி இலத்தீனில் 6 நாடகங்கள் எழுதினார். ஐரோப்பாவில் நாடகம் எழுதியதாக அறியப்படும் முதற் பெண்மணி அவரே என்பர். அவருடைய ஏடுகள் ஐந்து நூற்றாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தன. கொன்ராடு செல்டிசு என்னும் அறிஞர் கண்டெடுத்து 1501-ஆம் ஆண்டு அச்சிட்ட பிறகே உலகம் அவரை அறிந்தது. அவர் எழுதியதை மடத்தில் எவரோ பத்திரமாக வைத்திருந்தார்கள். ஆகவே கண்டெடுக்க முடிந்தது. இதை வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறோம். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

நம் காலத்துத் திருச்சபையும் இதில் வாய்மூடி இருக்கவில்லை. வத்திக்கான் இரண்டாம் பொதுச்சங்கம் 1963-ஆம் ஆண்டு வெளியிட்ட சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றிய விதித்தொகுப்பில், இத்துறையில் இளைஞருக்குப் பயிற்சியளிக்கும் திட்டங்கள் கத்தோலிக்கப் பள்ளிகளில் பெருக வேண்டுமென அறிவுறுத்தியது. மறைந்த திருத்தந்தை பிரான்சிசு, 2024-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், மனிதரை உருவாக்குவதில் இலக்கியத்தின் பங்கினைக் குறித்தே தனியாக ஒரு மடல் வரைந்தார். குருமாணவர்களை முன்னிட்டுத் தொடங்கிய எண்ணம், எழுதுகையில் கிறிஸ்தவர் அனைவருக்குமாக விரிந்ததாக அவரே அதில் குறித்திருக்கிறார்.

ஆயினும், இம்மன்றங்கள் தவறான வழியில் செல்லக்கூடும் என்பதையும் மறைக்கலாகாது. அதற்கு வரலாற்றில் ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. பிரான்சு நாட்டில் 14-ஆம் லூயி மன்னர் காலத்தில், மந்தனோன் சீமாட்டியார் 1686-ஆம் ஆண்டு சேன்-சீர் என்னுமிடத்தில், வறுமையுற்ற உயர்குடிப் பெண்பிள்ளைகள் 250 பேருக்கென ஒரு பள்ளி நிறுவினார். மாணவியர் நன்கு பேசவும் நினைவாற்றல் பெறவும் நாடகம் உதவும் என்று நம்பினார். உலகியற் காதலைப் பாடும் நாடகங்கள் சிறுமியர்க்குப் பொருந்தாமையால், நாடகத் துறையையே துறந்து 12 ஆண்டுகள் ஆகியிருந்த பெருங்கவிஞர் இரசீனை அழைத்து, மறைநூலிலிருந்து ஒரு நாடகம் எழுதித் தரக் கேட்டார். அவ்வாறு பிறந்ததே 'எசுத்தேர்'.

1689-ஆம் ஆண்டு சனவரியில் மன்னர் முன்னிலையில் அது நடிக்கப்பெற்றது. நாடகம் பெரும் வெற்றி. அவ்வெற்றியிலேதான் இடரும் தொடங்கிற்று. அரசவையினர் அனைவரும் காண விரைந்தனர். பட்டுடையும் மணிகளும் மின்னின. சிறுமியரின் அழகையும் குரலையும் பெருமக்கள் புகழ்ந்தனர். படிப்பு தளர்ந்தது, செருக்கு வளர்ந்தது, பள்ளிக்கூடம் அரண்மனைக் காட்சிக்கூடம் ஆகிவிடுமோ என்னும் அச்சம் எழுந்தது. எனவே, இரசீன் எழுதிய அடுத்த நாடகமாகிய 'அத்தாலி' 1691-இல் அரங்கேறியபோது, திரைச்சீலையும் இல்லை, வேடமும் இல்லை. மாணவியர் தம் அன்றாடச் சீருடையிலேயே சிலர் முன்னிலையில் அதை நடித்தனர். பிரெஞ்சு மொழியின் மிகச் சிறந்த நாடகங்களுள் ஒன்றென இன்று போற்றப்படுவது, அந்த எளிய அறையில் சீருடையணிந்த சிறுமியரின் வாயிலிருந்துதான் முதன்முதல் ஒலித்தது.

நம் பள்ளிகளின் ஆண்டு விழாக்களைப் பார்க்கும்போது இவ்வரலாறு அடிக்கடி நம் நினைவுக்கு வருகிறது. வாடகை உடைக்கும் ஒளியமைப்புக்கும் ஆயிரக்கணக்கில் செலவு. ஆடத் தெரிந்த அதே பத்துப் பேர் எல்லா நிகழ்ச்சிகளிலும். உடைக்குப் பணம் கட்ட இயலாத பிள்ளை பின்வரிசையில் கைதட்டுவதற்கு மட்டும். இது கலைப் பயிற்சியன்று; காட்சி. பெற்றோர் இதைக் குறை கூறினால், நாம் அவர்கள் பக்கமே நிற்போம். ஆனால் காட்சி வேறு, பயிற்சி வேறு. வெள்ளிக்கிழமை மாலை நூலக மேசையில் நாம் கண்டது பயிற்சி. ஒரு தாளும் ஒரு பேனாவும் அதற்குப் போதும்.

இனி, மற்றோர் இடரைச் சொல்ல வேண்டும். இது பெரியவர்களாகிய நம்மால் வருவது.

புனித குழந்தை தெரேசம்மாளை அறியாத கத்தோலிக்கக் குடும்பம் இல்லை. அவர் கார்மேல் மடத்தில் கவிதைகள் எழுதினார் என்பதும், மடத்துச் சகோதரிகளின் பொழுதுபோக்கு வேளைகளுக்கென 8 சிறு நாடகங்கள் எழுதித் தாமே நடித்தார் என்பதும் பலர் அறியாதவை. தம் வாழ்க்கை நினைவுகளை மலிவான பள்ளிக் குறிப்பேட்டில் எழுதினார். 1897-ஆம் ஆண்டு, தம் 24-ஆம் வயதில் அவர் இறந்தார். மறு ஆண்டு அந்நினைவுகள் 'ஓர் ஆன்மாவின் வரலாறு' என்னும் நூலாக வெளிவந்தன. ஆனால் அதை அச்சுக்கு அனுப்புமுன், அவருடைய சொந்தத் தமக்கையாரான அன்னை ஆக்னசு பல்லாயிரம் திருத்தங்கள் செய்தார். தீய எண்ணத்தால் அன்று. தங்கையின் மேலுள்ள அன்பினாலும், வாசகர் தவறாக எண்ணக்கூடாதே என்னும் கவலையினாலுமே செய்தார். தெரேசம்மாள் தம் கைப்பட எழுதியது எழுதியவாறே உலகுக்குக் கிடைத்தது 1956-ஆம் ஆண்டில்தான். அந்த மெருகு நீங்கிய பிறகு அவர் குறைந்துபோகவில்லை. முன்னினும் உயர்ந்தே தோன்றினார். 1997-இல் திருச்சபை அவரை மறைவல்லுநர் என்று அறிவித்தது.

அன்னை ஆக்னசு திருத்தினார். எனினும் மூலக் குறிப்பேடுகள் அழியாமல் இருந்தன. நாமோ அதைவிடக் கொடிய ஒன்றைச் செய்தவர்கள். அதை இப்போது கூறிவிடுகிறோம்.

ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு முன்பு, நாம் இளங்குருவாக ஒரு பங்கில் உதவிப் பங்குத் தந்தையாக இருந்தோம். பங்குத் தந்தை நோயுற்றிருந்தமையால், அங்கிருந்த பெண்கள் உயர்நிலைப் பள்ளியின் தாளாளர் பணிகளை நாமே கவனித்துவந்தோம். அப்பள்ளி மாணவியரும் ஒரு கையெழுத்து இதழ் நடத்தினார்கள். ஒரே படி. ஓர் இதழில், பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் வீட்டுக் கதவைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தாள். இரவில் கதவு திறக்கப்படும் ஓசையைக் கொண்டே, அன்று தகப்பனார் குடித்திருக்கிறாரா இல்லையா என்பதை அவளும் தம்பியும் அறிந்துகொள்வார்களாம். மெல்லத் திறந்தால் படிப்பைத் தொடர்வார்கள். அறைந்து திறந்தால் விளக்கை அணைத்துவிட்டு உறங்குவதுபோல் கிடப்பார்கள். இவ்வளவே அதில் நம் நினைவில் நிற்கிறது.

செய்தி ஊரில் பரவிற்று. தகப்பனார் பங்கில் மதிக்கப்பட்டவர். திருவிழாக் குழுவில் முன்னிற்பவர். நம்மிடம் வந்து, "குடும்ப மானம் போய்விட்டது, சுவாமி" என்று கண்ணீர் விட்டார். நாம் மனமிளகினோம். மறுநாள் பள்ளிக்குச் சென்று, இதழை வரவழைத்து, அந்தப் பக்கத்தை நம் கையாலேயே கிழித்து, அவரிடம் கொடுத்தோம். குடும்பத்தின் நற்பெயரைக் காப்பாற்றிவிட்டதாக அன்றிரவு நிம்மதியாகவே உறங்கினோம்.

யாருடைய நிம்மதி? அவ்வீட்டை நாம் போய்ப் பார்க்கவில்லை. தாயாரிடம் பேசவில்லை. குடியை விடுவதற்கு அத்தகப்பனாருக்கு எவ்வுதவியும் செய்யவில்லை. அச்சிறுமியை அழைத்து, "மகளே, இது உண்மையா?" என்று ஒரு சொல் கேட்கவில்லை. கதவு அறைந்து திறப்பதை நிறுத்த நாம் ஒன்றும் செய்யவில்லை. கதவைப் பற்றிப் பேசுவதை மட்டும் நிறுத்தினோம். அவள் அதன்பின் அவ்விதழில் எழுதவில்லை என்று தமிழாசிரியை பிற்பாடு சொன்னார். நாம் மாற்றலாகி வேறு பங்குக்குச் சென்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு திருமண வீட்டில் ஓர் அம்மையார் நம்மிடம் வந்து வணங்கினார். உடன் பள்ளி செல்லும் வயதில் அவர் மகள். தம்மை இன்னார் என்று அறிமுகம் செய்துகொண்டபோது நமக்குத் தலை கவிழ்ந்தது. அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "சுவாமி, அந்தப் பக்கம் தங்களிடம் எங்கேனும் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றோம். "கதவைப் பற்றி எழுதினேன் என்பது நினைவிருக்கிறது. என்ன எழுதினேன் என்பது எனக்கே மறந்துபோயிற்று. இவள் பள்ளியில் ஏதேதோ எழுதுகிறாள், இவளிடம் காட்டலாமென்று நினைத்தேன்" என்றார். தகப்பனார் இறந்துவிட்டார் என்றும், கடைசிவரை குடியை விடவில்லை என்றும் கூறினார்.

நாம் மன்னிப்புக் கேட்டோம். அவர் மன்னித்தார். ஆனால் கிழிந்த பக்கம் திரும்பவில்லை. ஒரே படிதானே இருந்தது.

இந்த அனுபவத்தின் பேரில், பெற்றோருக்கும் பள்ளி நடத்துவோருக்கும் சிலவற்றை எழுதத் துணிகிறோம்.

பிள்ளை எழுதியதையெல்லாம் ஊரார் முன் வைக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. வீட்டுத் துயரத்தை எழுதும் பிள்ளைக்கு, அதை வெளியிடுவதா வேண்டாமா, தன் பெயரை இடுவதா மறைப்பதா என்று எண்ணிப்பார்க்க ஒரு பெரியவர் அருகே அமர்ந்து துணைசெய்ய வேண்டும். வெளியிட வேண்டாமென்று இருவரும் முடிவு செய்யலாம். ஆனால் எழுதிய தாள் அவளுடையது. அதைக் கிழிக்க எவருக்கும் உரிமையில்லை. அது அவளிடமே இருக்கட்டும்.

இரண்டாவதாக, எழுத்து சில வேளைகளில் கட்டுரையன்று, கூக்குரல். சிறுமிக்கு அடியோ, தகாத தொடுதலோ, வேறு தீங்கோ நேர்வதை அவ்வெழுத்து உணர்த்துமாயின், இதழைப் பற்றிய பேச்சை அங்கேயே விட்டுவிட்டு, பிள்ளையைப் பற்றிய கடமையைத் தொடங்க வேண்டும். குழந்தைகளுக்கு எதிரான பாலியற் குற்றங்களை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிப்பதை 2012-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. பள்ளியோ பங்கோ அதை மூடி மறைக்கலாகாது. ஆபத்திலுள்ள குழந்தைகளுக்கான உதவித் தொலைபேசி எண் 1098 என்பதை ஒவ்வொரு வகுப்பறையிலும் எழுதி வைப்பது நலம். குடும்ப மானத்தைக் காட்டிலும் குழந்தை பெரியது. இதை நாம் காலம் கடந்து கற்றோம்.

மூன்றாவதாக, ஆசிரியைகளுக்கு: பிழையைத் திருத்துங்கள், குரலைத் திருத்தாதீர்கள். அச்சிறுமி "எங்கள் வீட்டு ஆடு" என்று எழுதினால், அதை "இயற்கையின் எழில்" ஆக்கிவிட வேண்டாம். இதழ்களைக் கட்டி அலமாரியில் பத்திரப்படுத்துங்கள். உரோசுவிதாவின் ஏட்டைப் பாதுகாத்த பெயரறியாத கைகளை நினைவுகூருங்கள்.

நான்காவதாக, பெற்றோருக்கு: நேரத்துக்கு ஓர் அளவு வேண்டும் என்பது நியாயமே. பொதுத்தேர்வு நெருங்கும் திங்களில் மன்றத்தை ஒதுக்கிவைக்கலாம். மன்றங்களும் அவ்வாறே வகுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் மதிப்பெண் ஒன்றே அளவுகோல் என்று வைத்து, ஆண்டவர் கொடுத்த தாலந்தைப் பிள்ளையின் கையாலேயே மண்ணில் புதைக்கச் சொல்லாதீர்கள். தன் எண்ணத்தைத் தெளிவாக எழுதத் தெரிந்த பெண், தன் துயரத்தையும் தேவையையும் உரிமையையும் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவள் ஆவாள். நம் பெண்மக்களுக்கு நாம் கொடுத்தனுப்பும் சீர்களுள் இதனினும் மேலானது எது?

இனி, நடத்துநர் அன்பரின் செய்திக்கு வருவோம். அன்று அவருக்கு நாம் கூறிய சுருக்கமான விடை இதுதான்: "மகளின் இதழைத் தாங்கள் படித்ததுண்டா?" இல்லை என்றார். தலைமை ஆசிரியைச் சகோதரியிடமிருந்து ஒரு படி வாங்கி அவர் கையில் கொடுத்தோம். படித்துவிட்டு வந்து சொல்லுங்கள், அதன்பின் மதரிடம் பேசுவோம் என்றோம்.

அடுத்த ஞாயிறு அவர் வந்தார். இதழைச் செய்தித்தாளில் கவனமாகச் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். "என் தோல்பையைப் பற்றி எழுதியிருக்கிறாள், சுவாமி" என்றார். இரவில் பணி முடிந்து வந்து, சில்லறைகளைத் தரையில் அடுக்கி அவர் எண்ணுவதையும், கணக்கில் 10 ரூபாய் குறைந்த நாளில் உணவைப் பாதியில் நிறுத்தி எழுந்ததையும் மகள் எழுதியிருக்கிறாள். "அவள் படித்துக்கொண்டிருக்கிறாள் என்றே நினைத்திருந்தேன். என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது தெரியாது" என்றார். சற்று நேரம் இருவரும் பேசவில்லை.

மதரிடம் சொல்லும்படி அவர் மறுபடி கேட்கவில்லை. "பத்தாம் வகுப்பில் சனவரிக்கு மேல் வேண்டாம், சுவாமி, அதுவரை இருக்கட்டும்" என்றார். நாமும் அதுவே சரியென்றோம். புறப்படும்போது, அந்தப் பக்கத்தை மட்டும் ஒரு நகல் எடுத்துக்கொள்ளலாமா என்று தயக்கத்தோடு கேட்டார்.

வாசகர்களே, உங்கள் பிள்ளையின் பள்ளியிலும் இத்தகைய இதழ் ஒன்று இருக்கக்கூடும். இவ்வாரமே கேட்டு வாங்கிப் படியுங்கள். இல்லையாயின், ஒன்று தொடங்கும்படி பள்ளியைத் தூண்டுங்கள். நம் பெண்மக்களின் கையில் எழுதுகோலைத் தந்த இறைவன், அவர்கள் எழுதுவதைப் படிக்கும் பொறுமையையும் துணிவையும் பெரியவர்களாகிய நமக்குத் தந்தருள்வாராக.